போதகரம்மா போகாத வீடு

லோவினா ஸ்ட்ராட் இறந்த செய்தியைச் சபைப் பத்திரிகை நாலு வரியில் முடித்துவிட்டது. வெர்மான்ட்டிலும் டகோட்டாவிலும் ஊழியம் செய்தார், மூடிக்கிடந்த பதினோரு ஆலயங்களைத் திறந்தார், மணமாகாதவர், வயது ஐம்பத்தெட்டு. வெர்மான்ட்டில் இருக்கிற எங்கள் ஊர் கார்விக்கின் பெயர் அதில் இல்லை. அவர் திறந்த மூன்றாவது ஆலயம் எங்களுடையது. அவரை வேண்டாம் என்று அனுப்பிய ஒரே ஆலயமும் எங்களுடையதுதான். அங்கே மணி அடிப்பவன், அடுப்பு மூட்டுபவன், குழி வெட்டுபவன் நான். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

மெய்ன் மாநிலத்தில் ஒரு கல்லுக்காட்டுப் பண்ணையில் பிறந்தவர் அவர். அப்பா குடிகாரர். அவர் செத்தபோது லோவினாவுக்குப் பதினொரு வயது. அடக்கத்துக்கு வந்த போதகர் பிள்ளைகள் பக்கம் விரலை நீட்டி, உங்கள் தகப்பன் இப்போது எந்த நெருப்பில் கிடக்கிறான் தெரியுமா என்று கேட்டாராம். பதினைந்து வயதில் துணி ஆலைக்குப் போனார். இடது கைச் சுண்டுவிரலில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. அந்த ஆலை ஊருக்கு எங்கள் யுனிவர்சலிஸ்ட் சபையிலிருந்து ஒரு பெண் வந்து பிரசங்கம் செய்திருக்கிறார். நித்திய நரகம் என்று ஒன்று கிடையாது, கடவுள் கடைசியில் ஒருவரையும் விடமாட்டார் என்று ஒரு பெண் வாயால் கேட்டதும் லோவினாவுக்கு வேறு வேலை ஓடவில்லை. சம்பளத்தைச் சேர்த்து வைத்து, இருபத்தேழு வயதில் இறையியல் பள்ளிக்குப் போனார். முப்பது ஆண்கள், இரண்டு பெண்கள். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட இரண்டு தடவை கேட்டால்தான் தள்ளுவார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சறுக்குவண்டியில் போகும்போது நான் அவரைச் சீண்டிப் பார்த்தேன். உங்கள் கணக்குப்படி உங்கள் அப்பாவும் மேலே வந்துவிடுவாரே, என்ன செய்வீர்கள் என்று.

"வருவாரு. வரட்டும்," என்றார். "நான் வேற மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிறேன்."

அவர் அப்படித்தான். பாட வராது, ஆனால் பாடுவார். எருமைத்தோல் கோட்டுக்குள் ஆம்பிளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, குதிரைக்கு லாடம் தேய்ந்திருப்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

அவர் எங்களிடம் வந்தது 1889 அக்டோபரில். எங்கள் ஆலயம் ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறையில் யாரோ வைக்கோல் அடைத்திருந்தார்கள். எங்கள் சபையின் ரோக்சி வில்லர்ட் சும்மா இருக்கவில்லை. மாநில மாதர் மிஷன் சங்கத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். இப்படிச் சாகக் கிடக்கும் சபைகளை எழுப்பவே அந்தச் சங்கம் பெண் மிஷனரிகளை வைத்திருந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்தான் லோவினா. ஆறு மாதத்துக்கு என்று வந்தார். முதல் ஆராதனைக்குப் பதினொரு பேர். வசந்தம் வருவதற்குள் அறுபது பேர் ஆனோம். போக வேண்டாம், இங்கேயே போதகராக இருங்கள் என்று நாங்களே பிடித்து வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலையில் எங்கள் ஊர், மத்தியானம் ஏழு மைல் தள்ளி இன்னொரு சபை. அங்கே கூட்டிப்போவது நான்.

போதகருக்கென்று வீடு கட்ட எங்களுக்கு வசதி இல்லை. அப்படிப்பட்ட ஊர்களில் போதகர் ஒரு சபைக் குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடுவார். லோவினா தங்கியது ரோக்சி வீட்டில். ரோக்சி விதவை. அவளுக்கு ஐடா என்று ஒரே மகள், குளத்துக்கு அக்கரையில் இருந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் மூன்று வருடத்துக்கு மேல் சாப்பிட்டார்கள். ஐடா லோவினாவின் பாட்டைக் கேலி செய்து நடித்துக் காட்டுவாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

எங்கள் ஊர்க் குளத்தில் ஜனவரியில் பனிக்கட்டி வெட்டுவார்கள். பண்ணைகளில் பாலைக் கெடாமல் வைக்கக் கோடை முழுக்க அந்தக் கட்டிதான். வெட்டி எடுத்த இடம் ஒரே ராத்திரியில் மறுபடி மேலே உறைந்துவிடும். பார்க்க மற்ற இடம் மாதிரியே இருக்கும், ஆனால் நாய் நடந்தால் தாங்காது. அதனால் வெட்டியவன் வேலை முடிந்ததும் அந்த இடத்தைச் சுற்றி ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை நட்டுவைக்க வேண்டும். கிளையைக் கண்டால் ஜனங்கள் விலகிப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனிக்கட்டி வெட்டுவது லூத்தர் கேம்ப்பின் தொழில். முப்பத்துநாலு வயது, தனியாள், குடிக்க மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். பனிக்கட்டியின் கனத்தைக் காலால் தட்டியே சொல்லிவிடுவான். 1893 ஜனவரியில் ஒரு நாள் மேல்கரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது ரம்பத்தில் பல் உடைந்துவிட்டது. சரிசெய்ய வீட்டுக்குப் போனான், வந்து கிளை நட்டுக்கொள்ளலாம் என்று. சாயங்காலம் பனி கொட்ட ஆரம்பித்தது. காலையில் நட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். காலையில் அவனுக்கு முன்னால் ஐடா கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்து அடுப்பைப் பற்றவைக்க எப்போதும் குளத்துக்குக் குறுக்கேதான் போவாள்.

அவளை வெளியே இழுத்ததும் லூத்தர்தான். கக்கத்தில் கிளைகளோடு வந்தவன், தண்ணீரில் அவளுடைய தொப்பியைப் பார்த்திருக்கிறான்.

அடக்க ஆராதனைக்கு ஆலயம் நிரம்பிவிட்டது. மேட்டில் இருக்கிற இன்னொரு சபைக்காரர்கள்கூட வந்தார்கள், நரகத்தை நம்புகிறவர்கள். லோவினா எந்தச் சாவிலும் முடிவில் ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: ஒருவரும் விட்டுப்போவதில்லை, கடைசியில் எல்லாரும் வீடு வந்து சேருவோம். அன்றைக்கும் அதைச் சொன்னார். குரல் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தார்.

முன் இருக்கையிலிருந்து ரோக்சி எழுந்தாள். எங்கள் சபையில் ஆராதனை நடுவே யாரும் பேசுவதில்லை.

"லூத்தருக்குமா?" என்று கேட்டாள்.

லோவினா ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "ஆமா, ரோக்சி. லூத்தருக்கும்."

அந்தப் பதில் தப்பு என்று எங்களில் ஒருவனும் சொல்ல முடியாது. வருடா வருடம் நாங்கள் எழுந்து நின்று அறிக்கையிடுவதே அதைத்தான். ஆனால் ரோக்சியின் முகத்தை நான் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம், அல்லது அழுதுவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

பனிக்காலத்தில் எங்கள் மண்ணில் கடப்பாரை இறங்காது. செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்து மேட்டில் இருக்கிற கல் அறையில் வைத்துப் பூட்டிவிடுவோம். மே மாதம் மண் இளகியதும் எடுத்துப் புதைப்போம். சாவி என்னிடம் இருக்கும். ஐடாவை அங்கே வைத்தோம்.

லூத்தரிடம் யாரும் பேசவில்லை. அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கடையில் அவன் நுழைந்தால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், அவன் போனதும் தொடங்குவார்கள். அந்தக் குளத்துப் பனிக்கட்டி வேண்டாம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அவனிடம் இரவல் வாங்கிய கொக்கி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நான் போனேன். களஞ்சியத்தில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ரம்பத்துக்கு இனி வேலை இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு. போதகரம்மா சொன்னதைச் சொன்னேன். ஐடா போன இடத்துக்கு நீயும் வந்து சேருவாய், சபைக்கு நடுவே ரோக்சி கேட்க அப்படித்தான் சொன்னார் என்று.

"அவங்க வரலியா?" என்று கேட்டான்.

"ரோக்சி வீட்டுச் சோறு சாப்பிடுறாங்க. எப்படிப்பா இங்க வருவாங்க?"

"ஆமா." கொஞ்ச நேரம் அரம் ஓடியது. பிறகு, "அங்க ஐடாவைப் பாப்பேனா?" என்றான்.

"பாப்ப. அதான் சொல்றேனே."

"அப்ப நேர்லயே கேட்டுக்கலாம்," என்றான்.

நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவன் அந்தக் களஞ்சியத்திலேயே தூக்கு மாட்டிக்கொண்டான்.

வேறு இடம் இல்லை. அவனையும் அதே கல் அறையில்தான் வைத்தேன், ஐடாவுக்கு இரண்டு முழம் தள்ளி. அதற்கு ரோக்சி என்னிடம் வந்தாள். அவனை வெளியே எடு என்றாள். எங்கே எடுப்பேன்? பனியில் போட்டால் நரி இழுக்கும். எடுக்க முடியாது என்றேன். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் போதகரம்மாவின் பெட்டி ரோக்சி வீட்டு வாசலில் இருந்தது. மேலே அவருடைய தொப்பி, மடித்த போர்வை, எல்லாம் ஒழுங்காக. சண்டை எதுவும் நடக்கவில்லை. லோவினா என்னைக் கூப்பிட்டார், பெட்டியை வண்டியில் ஏற்றினேன். ஆலயத்தில் முன்பு வைக்கோல் அடைத்துக் கிடந்த அந்தப் பக்கத்து அறைக்குக் குடிவந்தார். ஒரு கட்டில் கொண்டுவந்து போட்டேன்.

மேட்டுச் சபைப் போதகர் இதற்காகவே காத்திருந்தவர் போல அடுத்த ஞாயிறு பிரசங்கம் பண்ணினார். நரகம் இல்லை என்று சொல்லிக்கொடுத்தால் மனிதன் கயிற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றார். அந்தப் பேச்சு திங்கட்கிழமைக்குள் எல்லா அடுக்களைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஆட்களே பாதிப் பேர் தலையாட்டினார்கள். நரகம் இல்லாத சபையில் பிறந்து வளர்ந்தவர்கள், லூத்தர் ஒருவனுக்காக மட்டும் ஒரு சின்ன நரகம் இருந்தால் தேவலை என்று நினைக்க ஆரம்பித்தார்கள். நானும் சில நாள் நினைத்தேன்.

மார்ச் மாதம் சபைக் கூட்டம். போதகரை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வதா என்று அதில்தான் கை தூக்குவோம். மூன்று வருடமும் ஒரு நிமிடத்தில் முடிந்த விஷயம். இந்த முறை சபைத் தலைவர் எல்பிரிட்ஜ் ஹோவ் எழுந்து ஒரு நிபந்தனை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. சபை உடையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

"மே மாசம் லூத்தரைப் புதைக்கிறப்ப ஜெபம் பண்ணுங்க, யாரும் வேண்டாங்கல," என்றார். "ஐடாவுக்குச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் அவனுக்குச் சொல்லாதீங்க. அதை இப்ப ஒத்துக்கிட்டீங்கன்னா எல்லாரும் கை தூக்கிருவாங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

"அந்த வார்த்தையில ஆள் பிரிக்க இடம் இல்லையே, எல்பிரிட்ஜ்."

"அப்ப சொல்லுவீங்க?"

லோவினா அந்தப் பாதி விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "தெரியல," என்றார். "ஒரு மாசமா நான் அதைச் சொல்லவே இல்லை, கவனிச்சிருப்பீங்க. சொன்னதாலதான் அவன் போனானோன்னு பயமா இருக்கு. அது அவன் காதுக்குப் போச்சான்னுகூட எனக்குத் தெரியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் இருக்கிற பழியை இறக்கிவிடலாம் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் போய்ச் சொல்லவில்லை, நான்தான் அவனிடம் சொன்னேன், இருக்கிறவன் மனசு ஆறட்டும் என்று சொன்னேன், குற்றம் என்னுடையது என்றேன். சொல்லி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அதுவரைக்கும் அவன் அதைக் கேட்டானா இல்லையா என்று ஒரு சந்தேகமாவது இருந்தது. அதையும் நானே தீர்த்துவைத்துவிட்டேன். லோவினா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று முதலில் கை தூக்கியது ரோக்சி. பதினாலு பேர் வேண்டாம், ஒன்பது பேர் வேண்டும்.

ஏப்ரல் முதல் தேதி அவர் ரயிலேறினார். மிஷன் சங்கம் அவரை வடக்கே நாற்பது மைலில் வேறொரு மூடிக்கிடந்த ஆலயத்துக்கு அனுப்பியது. வழியனுப்ப நானும் எல்பிரிட்ஜின் மனைவியும் போனோம். லூத்தரைப் புதைக்கிற நாளைத் தந்தியில் சொல்லுங்கள், வருகிறேன் என்றார். அந்த வார்த்தையைச் சொல்லுவாரா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கே அப்போதும் தெரியாது என்று முகத்திலேயே இருந்தது.

மே மாதம் இரண்டாம் வாரம் மண் இளகியது. பனிக்காலத்தில் செத்தவர்கள் அந்த வருடம் ஐந்து பேர். ஐடாவைக் காலையில் புதைத்தோம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு போதகரை வரவழைத்திருந்தார்கள். நல்ல மனுஷன், ஐடாவைத் தெரியாது. ரோக்சி நேராக நின்றாள், அழவில்லை. முடிந்ததும் கல் அறைப் பக்கம் பார்க்காமல் நடந்து போனாள். லூத்தருக்கு இரண்டு மணி என்று வைத்திருந்தோம்.

மத்தியான ரயிலில் லோவினா வந்தார். இளைத்திருந்தார். வண்டியில் வரும்போது என்னிடம் ஒன்று கேட்டார்.

"ஹைரம், அன்னிக்கு லூத்தர் என்ன சொன்னாரு? கூட்டத்துல நீங்க சொன்னதைச் சொன்னீங்க. அவர் சொன்னதைச் சொல்லல."

நான் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஏற்கனவே ஒரு தடவை பாதியைச் சொல்லிக் கெடுத்தவன். முழுசாகச் சொன்னேன். ஐடாவைப் பார்ப்பேனா என்று கேட்டதையும், நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்றதையும் சொன்னேன். அதற்கு அவர் தலையசைத்தார், எதிர்பார்த்தது போல. அதற்கு முன்னால் அவன் முதலில் கேட்டது, அவங்க வரலியா என்பதுதான் என்றதும், வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இறங்கி வேலிக் கல்லில் உட்கார்ந்தார். பாதை சேறாகக் கிடந்தது. குதிரை புல்லை இழுத்துக்கொண்டு நின்றது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

ரோக்சி வீட்டில் சாப்பிடுகிறவர் எப்படி வருவார் என்று சொன்னேன் என்றேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அதுதான் காரணம்," என்றார். எழுந்து வண்டியில் ஏறினார்.

குழிக்கருகில் மூன்று பேர் இருந்தோம். லோவினா, நான், லூத்தரோடு ரம்பம் இழுத்த கனடாக்காரன் ஒருவன். அவன் கத்தோலிக்கன், தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டான். லோவினா சங்கீதம் வாசித்தார், ஜெபம் பண்ணினார். பிறகு புத்தகத்தை மூடினார். அந்த வார்த்தை வரவேண்டிய இடம் அது.

"ஒருத்தரும் விட்டுப்போறதில்லை, கடைசியில எல்லாரும் வீடு வந்து சேருவோம்," என்றார். பிரசங்கக் குரலில் இல்லை. எதிரே இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. "லூத்தர், இதை நான் ரோக்சிகிட்ட சொன்னேன். ஊர் முழுக்கக் கேக்கச் சொன்னேன். உன்கிட்ட சொல்லல. உன் வீடு அரை மைல் தூரம். ரெண்டு வாரத்துக்கு மேல நேரம் இருந்துச்சு. வார்த்தை மட்டும் வந்துச்சு, நான் வரல. வார்த்தையில தப்பு இல்லை."

ஆமென்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் மண்வெட்டியை எடுத்தேன். கனடாக்காரனும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தான்.

எல்லாம் முடிந்து அவரை வண்டியில் ஏற்றினேன். நாலரை மணிக்கு ரயில். பாதை பிரிகிற முனையில் நான் குதிரையை ஸ்டேஷன் பக்கம் திருப்பினேன். அவர் என் கையில் இருந்த கடிவாள வாரைப் பிடித்தார்.

"ரோக்சி வீட்டுக்குப் போங்க."

"கதவைத் திறக்க மாட்டா, போதகரம்மா. உங்களைக் கண்டா அவளுக்கு என்ன ஆகும்னு தெரியாது. இன்னிக்குக் காலைலதான் பிள்ளையைப் புதைச்சிருக்கா."

"அதனாலதான்."

"லூத்தருக்குச் சொன்னீங்களான்னு கேப்பா."

"கேட்டா, ஆமான்னு சொல்லுவேன்," என்றார். "இந்தத் தடவை சொல்லிட்டு அங்கேயே இருப்பேன்."

ரோக்சி வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை வந்தது, ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். லோவினா படியேறித் தட்டினார். மறுபடி தட்டினார். சன்னலில் திரை அசைந்து நின்றது. பிறகு உள்ளேயிருந்து ரோக்சியின் குரல் கேட்டது, சத்தமாக இல்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேன், ரோக்சி."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று தோன்றியது. கதவு திறக்கவில்லை. போ என்றும் அவள் சொல்லவில்லை. லோவினா தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்துப் படியில் உட்கார்ந்தார்.

நாலரை ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. நான் இறங்கிக் குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்தேன்.